தூண்டில் முள்

ஏமாற்றுதல் இன்று நேற்றுத் தோன்றிய தொழில் அன்று. சந்தைக் கூட்டத்தில் பித்தளையைப் பொன் என்று விற்றவனும், செம்பைத் தங்கமாக்கித் தருவதாகச் சொல்லி வீட்டிலிருந்த தங்கத்தையும் சுருட்டிக்கொண்டு போன போலிச் சாமியாரும், "பெட்டியைப் பார்த்துக்கொள்கிறேன், போய்த் தண்ணீர் பிடித்து வாருங்கள்" என்று சொல்லிப் பெட்டியோடு மறைந்த ரயில் சிநேகிதனும் நம் பாட்டன்மார் காலத்திலேயே இருந்தார்கள். ஆனால் அந்த ஏமாற்றுக்காரனுக்கு ஒரு துணிவு வேண்டியிருந்தது. அவன் தன் முகத்தைக் காட்டியாக வேண்டும். அகப்பட்டால் அடியும் வாங்கியாக வேண்டும். இன்றைய ஏமாற்றுக்காரனுக்கு அந்தத் தொல்லை இல்லை. நாம் யாரை நம்புகிறோமோ அவருடைய முகத்தை மாட்டிக்கொண்டு அவன் வருகிறான். பாங்கியின் முகம், தபால் இலாகாவின் முகம், போலீசின் முகம், பல்கலைக்கழகப் பதிவாளரின் முகம், ஏன், சில சமயம் நம் பேராசிரியரின் முகம்!

இந்தத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் 'பிஷிங்' என்று பெயர். 1990களின் நடுவில், அமெரிக்காவில் இணையம் வீடுகளுக்குள் நுழைந்த காலத்தில் பிறந்த சொல் இது. மீன் பிடித்தலைக் குறிக்கும் சொல்லேதான். முதல் எழுத்தை மட்டும் 'எஃப்' என்பதற்குப் பதிலாகப் 'பி-எச்' என்று மாற்றிக்கொண்டார்கள். தமிழில் 'தூண்டில் மோசடி' என்று சொல்லலாம். பொருத்தமான பெயர்தான். தூண்டில்காரன் மீனைத் துரத்திப் பிடிப்பதில்லை. இரையை மாட்டிவிட்டுக் கரையில் அமர்ந்திருக்கிறான். மீன் தானாக வந்து கவ்வுகிறது. ஆகவேதான் கவ்விய பிறகு அதற்குத் தூண்டில்காரன்மேல் வரும் கோபத்தைவிடத் தன்மேலேயே அதிகக் கோபம் வருகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

"படித்தவர்களுமா இதில் அகப்படுகிறார்கள்?" என்று நம்மில் சிலர் கேட்கலாம். அகப்படுகிறார்கள், நண்பர்களே. 2011ஆம் ஆண்டில், பிறருடைய கணினிகளுக்குப் பூட்டும் சாவியும் செய்து தருவதையே தொழிலாகக் கொண்ட ஆர்.எஸ்.ஏ. என்னும் நிறுவனத்துக்குள் திருடர்கள் புகுந்தார்கள். புகுந்த வழி ஒரு மின்னஞ்சல். அதனோடு இணைத்திருந்த கோப்பின் தலைப்பு, அந்த ஆண்டின் ஆள்சேர்ப்புத் திட்டம் என்பது! 2013 முதல் 2015 வரை, லிதுவேனியா நாட்டைச் சேர்ந்த ஓர் ஆசாமி, தைவான் நாட்டுக் கணினி நிறுவனம் ஒன்றின் பெயரில் போலிப் பற்றுச்சீட்டுகளை அனுப்பி, கூகுளிடமிருந்தும் பேஸ்புக்கிடமிருந்தும் 10 கோடி டாலருக்கு மேல் பெற்றுவிட்டான். 2019இல் அமெரிக்க நீதிமன்றம் அவனுக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. உலகத்துக்கே வழி காட்டும் கூகுளுக்கு வந்த சீட்டு உண்மையா பொய்யா என்று தெரியவில்லை!

நமக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. 2018 மார்ச்சில் அமெரிக்க அரசு ஈரானியர் ஒன்பது பேர்மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்களையும், வேறு 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்களையும் அவர்கள் குறிவைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. இரை என்ன தெரியுமா? வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுதுவது போன்ற மின்னஞ்சல். 'தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன்' என்று அது தொடங்கும். புகழ்ச்சிக்கு மயங்காத பேராசிரியர் யார்? உள்ளே இருந்த இணைப்பைத் தொட்டால் தம் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கத்தைப் போன்ற ஒரு பக்கம் வரும். பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதுவார். முடிந்தது கதை.

இந்த டில்லி நகரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிஷிங் என்றால் என்ன என்று நம் நாட்டில் முதன்முதல் விளக்கிய தீர்ப்பு, 2005இல் டில்லி உயர்நீதிமன்றம் நாஸ்காம் அமைப்பின் வழக்கில் அளித்தது. வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் சிலர், நாஸ்காமின் பெயரால் மின்னஞ்சல் அனுப்பி மக்களுடைய சொந்த விவரங்களைத் திரட்டினார்கள் என்பது வழக்கு. முடிவில் பிரதிவாதிகள் 16 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர இணங்கினார்கள். வேலை தேடுகிற இளைஞனின் ஆவலே இருபது ஆண்டுகளுக்கு முன்பும் இரையாக இருந்தது. இன்றும் அதுவே இரை.

நிற்க. என் கண்முன் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் விடுதியில் முதலாண்டு படிக்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். காவிரிப் பாசனத்தில் ஒரு சிற்றூர். தந்தையார் குத்தகை நிலத்தில் பயிர் செய்பவர். இந்தத் தம்பி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார். ஒருநாள் மாலை அவருடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது: உதவித்தொகை அனுமதிக்கப்பட்டுவிட்டது, ஆனால் கணக்கு சரிபார்க்கப்படாமையால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, இன்று இரவுக்குள் சரிபார்க்காவிட்டால் ரத்தாகிவிடும். கீழே ஓர் இணைப்பு. தொட்டார். அசோகச் சக்கரம், மூவர்ணக் கோடு, இரு மொழியில் தலைப்பு, எல்லாம் இருந்தன. பெயர், வரிசை எண், பாங்கிக் கணக்கு எண், அட்டை எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டது, எழுதினார். ஓ.டி.பி. வந்தது, அதையும் எழுதினார். 'பிழை, மறுபடி எழுதுக' என்றது. மறுபடி வந்த எண்ணையும் எழுதினார். மூன்றாம் முறையும் எழுதினார். மூன்று முறையில் 42,000 ரூபாய் போய்விட்டது. அடுத்த பருவக் கட்டணத்துக்காகவும் உணவுக்காகவும் தாயாரின் நகையை அடகு வைத்து அனுப்பிய பணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓ.டி.பி. தாங்கி வந்த செய்தியிலேயே 'இத்தனை ரூபாய் செலுத்துவதற்கு' என்று எழுதியிருந்தது. 'யாரிடமும் சொல்லாதீர்' என்றும் எழுதியிருந்தது. தம்பி ஆறு இலக்கங்களை மட்டுமே படித்தார். நாமும் அப்படித்தானே படிக்கிறோம்? எச்சரிக்கை என்பது நாள்தோறும் ஒலிக்கிற மணியாகிவிட்டால் காது அதைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது.

ஆனால் நான் இதைச் சொல்ல வந்தது பணத்துக்காக அன்று. தம்பி எட்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பகல் உணவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். "வயிறு சரியில்லை அண்ணே" என்றார். ஒன்பதாம் நாள் இரவில்தான், விளக்கணைத்த பிறகு, இருட்டில் படுத்தபடி சொன்னார்: "அண்ணே, அப்பாக்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. படிக்க அனுப்பினவன் இதுகூடத் தெரியாதவனான்னு நினைச்சிருவாரு."

அந்த எட்டு நாள்தான் என்னை எழுதத் தூண்டியது. திருடன் எடுத்துக்கொண்டது பணத்தை. வெட்கம் எடுத்துக்கொண்டது அந்தப் பணத்தை மீட்பதற்கு இருந்த காலத்தை.

சைபர் குற்றங்களுக்காக நாடு முழுவதற்கும் 1930 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. 'சைபர்கிரைம் டாட் ஜி.ஓ.வி. டாட் இன்' என்னும் அரசாங்க இணையதளமும் இருக்கிறது. திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து நான்குக்கு, பிறகு எங்கோ ஓர் ஊரில் ரொக்கமாக என்று ஓடிக்கொண்டே இருக்கும். உடனே 1930க்குச் சொன்னால், பணம் எந்தப் பாங்கியில் நிற்கிறதோ அங்கேயே அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. எட்டு நாள் கழித்துச் சொன்னால், வெள்ளம் போன பிறகு அணை கட்டுவதாகும். தம் பாங்கிக்கும் அதே வேகத்தில் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளருடைய கவனக்குறைவினால் நேர்ந்த இழப்பாயினும், பாங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் இழப்பு பாங்கியைச் சேரும் என்று ரிசர்வ் பாங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. ஆகவே தெரிவித்த நேரமே நம் கேடயம். ஒருவனுடைய அடையாளத்தைத் திருடுவதற்கும், கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி, 66-டி பிரிவுகளின்கீழ் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சட்டத்தின் பார்வையில் ஏமாந்தவன் குற்றவாளி அல்லன். நாம்தான் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

இனி, முள்ளை எப்படிக் கண்டுகொள்வது?

எழுத்துப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று முன்பு சொல்வார்கள். அந்தக் காலம் மலையேறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு திருடனும் இலக்கணச் சுத்தமாக எழுதுகிறான், தமிழில்கூட எழுதுகிறான். ஆகவே நடையைப் பார்க்காதீர்கள். செய்தி நம்மிடம் எதைக் கேட்கிறது என்று பாருங்கள். எந்த வேடத்தில் வந்தாலும் அது மூன்று வேலைகளைச் செய்யும். முதலில் ஆசையையோ அச்சத்தையோ கிளப்பும். அடுத்து, 'இன்றே, இப்போதே' என்று விரட்டும். கடைசியில், நாம் யாருக்கும் தரக்கூடாத ஒன்றைக் கேட்கும். இம்மூன்றும் ஒருங்கே வந்தால், வந்தவர் எவராயினும் கதவைச் சாத்திவிடலாம். உண்மையான அலுவலகம் எதுவும் ஓர் இரவுக்குள் நமக்கு நன்மை செய்து முடிக்கத் துடிப்பதில்லை. நம் அலுவலகங்களின் வேகத்தை நாம் அறிவோம் அல்லவா!

அடுத்து, முகவரியைப் படிக்கக் கற்க வேண்டும். தபால் உறையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் 'டில்லி இல்லம்' என்று வீட்டுப் பெயர் இருந்தால் கடிதம் டில்லிக்கு வந்துவிடுமா? கடைசி வரியில் இருக்கும் ஊர்தானே கணக்கு? இணைய முகவரியும் அப்படியே. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதன்பின் வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால், புள்ளிகளால் பிரிந்து நிற்கும் கடைசி இரண்டு மூன்று சொற்களே உண்மையான ஊர். அவற்றுக்கு முன்னால் பாங்கியின் பெயரையோ பல்கலைக்கழகத்தின் பெயரையோ எவன் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அது வீட்டுப் பெயர். நம் பாங்கிகள் 2025 அக்டோபர் முடிவதற்குள் 'பாங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் பாங்கி விதித்தது இதற்காகவே. பாங்கி அல்லாதவர் அந்த முடிவைப் பதிவு செய்துகொள்ள முடியாது.

எழுத்துகளும் ஏமாற்றும். பழந்தமிழ் எண்களைக் கற்ற நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ௧ என்னும் எண் க என்னும் எழுத்தைப் போலிருக்கிறது. ௨ என்பது உ போல, ௭ என்பது எ போல, ௮ என்பது அ போல. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. அதுபோலவே ஆங்கில எழுத்தும் ருஷ்ய எழுத்தும் சில இடங்களில் ஒரே உருவம் உடையவை. 2005இல் ஆராய்ச்சியாளர் சிலர் 'பேபால்' என்னும் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் ருஷ்ய எழுத்தாக மாற்றி முகவரி பதிவு செய்து, இந்த ஆபத்தை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டினார்கள். ஆகவே கண்ணை நம்புவதைவிட, இணைப்பைத் தொடாமல் நாமே முகவரியைத் தட்டெழுதிப் போவது நல்லது. கடவுச்சொற்களைக் காத்து வைக்கும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துவதும் நல்லது. அதற்கு உருவம் தெரியாது. ஊர்ப் பெயர் மட்டுமே தெரியும். வழக்கமாகத் தானே நிரப்பும் கடவுச்சொல்லை ஒரு பக்கத்தில் அது நிரப்ப மறுத்தால், 'இது நம் வீடு அன்று' என்று அது சொல்வதாகக் கொள்ளுங்கள்.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நேர்மையான இடம் என்று எண்ணுவோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பூட்டு, வழியில் வேறு எவனும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டுமே சொல்லும். மறுமுனையில் இருப்பவன் திருடனா அல்லனா என்று சொல்லாது. திருடனோடு இரகசியமாகப் பேசுவதால் என்ன பயன்? இந்தத் தவறான எண்ணம் பரவியிருந்ததால்தான் 2023இல் கூகுளின் குரோம் உலாவி பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

யு.பி.ஐ. பற்றி ஒரே ஒரு விதி போதும். 'பின்' எண் பணம் கொடுப்பதற்கு மட்டுமே. பெறுவதற்கு எந்த எண்ணும் வேண்டியதில்லை. "பணம் அனுப்பியிருக்கிறேன், கியூ.ஆர். படத்தைப் படம்பிடித்துப் பின் எண்ணைப் போடுங்கள்" என்று ஒருவன் சொன்னால், அவன் நம் மடியில் கை வைக்கிறான் என்று பொருள். பழைய மிதிவண்டியையும் புத்தகங்களையும் இணையத்தில் விற்க முயலும் நண்பர்கள் இதை மனத்தில் இருத்துவார்களாக. கல்யாண அழைப்பிதழ் என்று வாட்ஸ்அப்பில் வந்து, திறந்தால் கைப்பேசிக்குள் ஒரு செயலியை நிறுவிக்கொள்ளும் கோப்பைப் பற்றி 2024இன் இறுதியில் போலீசார் எச்சரித்தார்கள். பெயரின் முடிவில் 'ஏ.பி.கே.' என்றிருந்தால் அது பத்திரிகை அன்று, கன்னக்கோல்.

இவையெல்லாம் எல்லோருக்கும் பொது. ஆனால் வெளிமாநிலத்தில் படிக்கும் தமிழ் மாணவருக்கென்று சில தனிப்பட்ட பலவீனங்கள் உண்டு. அவற்றை நாமே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

தொலைபேசியில் ஒருவன் வேகமாக ஹிந்தியில் பேசுகிறான். நமக்குப் பாதி புரிகிறது. புரியவில்லை என்று சொல்லக் கூச்சம். "ஹாங் ஜீ, ஹாங் ஜீ" என்கிறோம். அவன் கேட்பதற்கெல்லாம் ஆம் என்று சொல்லிவிட்டோம் என்பது பிறகுதான் தெரிகிறது. புரியாத மொழியில் வரும் அதிகாரம் இரட்டிப்பு அச்சம் தரும். 'உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, காமிராவை அணைக்காதீர், டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்' என்று போலீஸ் உடையில் ஒருவன் தோன்றினால், ஊர் விட்டு ஊர் வந்த பிள்ளை நடுங்கிப்போகிறான். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எடுத்துச் சொன்னார். "எனக்குப் புரியவில்லை, எழுதி அனுப்புங்கள், என் நண்பனைக் கூட்டிக்கொண்டு நேரில் வருகிறேன்" என்று சொல்லித் தொலைபேசியை வைப்பதில் எந்த அவமானமும் இல்லை.

இதற்கு நேர்மாறான பலவீனமும் ஒன்று உண்டு. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், "தம்பி நம்ம ஊர்ப்பக்கமா? சாப்பிட்டீங்களா?" என்று ஒரு குரல் தமிழில் கேட்டால் நம் நெஞ்சு இளகிவிடுகிறது. கரைவதில் தவறில்லை. ஆனால் தமிழ் பேசுகிறவரெல்லாம் தமக்கையும் தமையனும் ஆகிவிடமாட்டார்கள். அன்பாகப் பேசியவரிடம் அன்பாகப் பேசுங்கள், ஓ.டி.பி.யை மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொன்று: "உன் பாங்கிக் கணக்கை ஒரு மாதம் கொடு, பத்தாயிரம் தருகிறேன்" என்று மாணவர்களைத் தேடி வரும் ஆட்கள் இருக்கிறார்கள். மேலே சொன்னேனே, திருட்டுப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு ஓடும் என்று. அந்தக் கணக்குகள் இப்படித்தான் கிடைக்கின்றன. கடைசியில் கணக்கு முடக்கப்படும். போலீஸ் கணக்குக்கு உரியவனைத்தான் தேடி வரும். எவருடைய தாயாரின் நகைப் பணமோ நம் கணக்கின் வழியாகப் போயிருக்கும். அந்தப் பத்தாயிரம் நமக்கு வேண்டாம்.

வீட்டில் இருப்பவர்களை மறந்துவிடக் கூடாது. சென்ற மாதம் என் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்ப்பா, கரண்ட் பில் கட்டலைன்னு மெசேஜ் வந்திருக்கு. ராத்திரி ஒன்பதரைக்குக் கட் பண்ணிருவாங்களாம். ஒரு நம்பர் குடுத்திருக்கான், பேசவா?"

"பில்லு கட்டிட்டீங்களாம்மா?"

"போன வாரமே அப்பா கட்டிட்டாரே!"

"அப்புறம் யாருக்கும்மா பேசப் போறீங்க?"

சற்று நேரம் மௌனம். பிறகு, "அதானே!" என்று சிரித்தார். நான் பெரிய வித்தை எதையும் சொல்லிவிடவில்லை. ஒரு நிமிடம் தாமதிக்க வைத்தேன், அவ்வளவுதான். தூண்டில்காரனுக்கு விரைவுதான் முதல். நமக்குத் தாமதமே காவல். பணம் சம்பந்தமான எந்தச் செய்தி வந்தாலும் முதலில் பிள்ளைக்குப் பேசுவது என்று அன்று வீட்டில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டோம். நீங்களும் ஏற்படுத்திக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் அழைக்கும்போது, "இதுகூடத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் அடுத்த முறை அழைக்கமாட்டார்கள்.

இதையேதான் நம் சங்கத்துக்கும் சொல்ல விரும்புகிறேன். பொங்கல் விழாவும் நாடகமும் பட்டிமன்றமும் நடத்துகிறோம், மகிழ்ச்சி. ஆண்டுத் தொடக்கத்தில் வரவேற்பு விருந்து வைக்கும் நாளில், புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையரிடம் இரண்டு செய்திகள் சொல்லி அனுப்புவோம். ஒன்று, 1930 என்னும் எண். மற்றொன்று, "நீ ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே எங்களிடம் வா, யாரும் சிரிக்கமாட்டோம்" என்னும் உறுதிமொழி. முதலாவது எளிது; சுவரில் எழுதி ஒட்டிவிடலாம். இரண்டாவதை நாம் நடந்துதான் காட்ட வேண்டும். உணவு விடுதியில் ஒருவன் ஏமாந்த கதையைச் சொல்லிச் சிரிக்கும்போது, பக்கத்து மேசையில் இன்னொருவன் தன் கதையை விழுங்கிக்கொண்டிருக்கலாம்.

அந்தத் தம்பி இப்போது பகல் உணவுக்கு வருகிறார். புகார் கொடுத்திருக்கிறோம், பணம் இன்னும் திரும்பவில்லை. தந்தையாரிடம் அவரே சொன்னார். "போனாப் போகுது, நீ சாப்பிடுறியா?" என்று மட்டுமே கேட்டாராம்.